பூக்கடையில் கிடைக்காத பூ

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்கு ஒரு முறையாவது போய்வராத தோட்டத்துக் குடும்பம் இன்று குறைவு. தீபாவளிக்குத் துணிமணி எடுக்கப் போகிறோம். அங்கே வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம். வீரமாகாளியம்மன் கோயிலில் அருச்சனை செய்யப் போகிறோம். தேக்கா சந்தையில் இறங்கி, பஃபலோ சாலை, கேம்பல் லேன் என்று ஒரு சுற்று வந்தால் பூக்கடைகளின் மணமே கையைப் பிடித்து இழுத்துச் செல்லும். மல்லிகைச் சரம், சாமந்தி, ரோஜா, அரளி, துளசி, தாமரை மொட்டு என்று வண்ண வண்ணமாகத் தொங்கும். ஆனால் அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் உகந்தது என்று நம் பாட்டிமார் தினந்தோறும் பறித்துவைத்த செம்பருத்தியை அந்தக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கையை விரிப்பார்கள்.

காரணம் எளிது. செம்பருத்தி காலையில் மலர்ந்து மாலையில் சுருண்டுவிடும் பூ. அதைச் சரமாகத் தொடுத்துப் பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஏற்றி அனுப்ப முடியாது. இரண்டு நாள் கடையில் வைத்து விற்கவும் முடியாது. காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத இந்தப் பூவை நாமே வளர்த்தால்தான் உண்டு.

தோட்டத்து லயங்களில் இருந்தபோது நமக்கு இது ஒரு பொருட்டாகவே தெரிந்ததில்லை. வாசலுக்கு வாசல் வேலியாக நின்றது. யாரும் நீர் ஊற்றவில்லை. யாரும் உரம் போடவில்லை. அது பாட்டுக்குப் பூத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் மரமிருந்த இடத்தில் வீட்டு மனைகள் எழுந்து, நம்மில் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் அதன் அருமை தெரிகிறது. சிங்கப்பூரிலும் இதே கதைதான். செம்பவாங், நீ சூன் பகுதிகளில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அங்கே பால் வெட்டிய தமிழர் குடும்பங்களின் வாரிசுகள் இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக மாடிகளில் வாழ்கிறார்கள்.

"மாடி வீட்டில் செம்பருத்தி வளருமா?" என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். வளரும். ஆனால் லயத்து வழக்கத்தை அப்படியே மாடிக்குக் கொண்டுபோனால் வளராது. சரியான செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான இடத்தில் வைக்க வேண்டும். நகரத்தின் சட்ட திட்டங்களையும் மதிக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எது செம்பருத்தி?

தமிழகத்தில் செம்பருத்தி, செம்பரத்தை என்பார்கள். இலங்கையில் செவ்வரத்தை. மலாய் மொழியில் புங்கா ராயா. 1960-ஆம் ஆண்டு மலாயா இதைத் தேசிய மலராக அறிவித்தது. இன்றும் மலேசியாவின் தேசிய மலர் அதுவே. அதன் ஐந்து இதழ்களை ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளுக்கு அடையாளமாகச் சொல்வார்கள். சிங்கப்பூரின் தேசிய மலர் வேறு. அது 1981-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் ஆர்க்கிட் மலர்.

தாவரவியலில் செம்பருத்தியின் பெயர் ஹைபிஸ்கஸ் ரோஸா சைனென்சிஸ். சீனத்து ரோஜா என்று பொருள். ரோஜாவுக்கும் இதற்கும் உறவே இல்லை என்பதுதான் வேடிக்கை. இதன் சொந்தக்காரர்கள் பருத்தி, வெண்டை, பூவரசு, துத்தி ஆகியவை. இக்காலத் தாவரவியலார் டுரியானையும் கொக்கோவையும்கூட இதே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். பெயரிலேயே "பருத்தி" வைத்த நம் முன்னோர் உறவைச் சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள்!

அடையாளம் காண மூன்று குறிகள் போதும். முதலாவது, பூவின் நடுவிலிருந்து நீண்டு நிற்கும் தண்டு. மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒன்றாக இணைந்து ஒரு குழலாகிச் சூல் தண்டைச் சுற்றியிருக்கும். நுனியில் ஐந்து சிறு பொட்டுகள் இருக்கும். இரண்டாவது, பச்சைப் புல்லி வட்டத்துக்குக் கீழே இன்னொரு சிறு புல்லி வட்டம், பாவாடைக்கு மேல் கட்டிய ஒட்டியாணம்போல. மூன்றாவது, பளபளப்பான, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய முட்டை வடிவ இலை. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பல இதழ்களாக மாறிவிடுவதால் முதற் குறி தெளிவாகத் தெரியாது. அதற்கு மற்ற இரண்டு குறிகளையும் பாருங்கள்.

உறவினரை அறிந்துகொள்ளுங்கள்

சிங்கப்பூர்ப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் நடந்தால் செம்பருத்தியின் உறவினர் சிலரைச் சந்திக்கலாம்.

தலைகீழாகத் தொங்கும் பூ, இதழ்கள் கிழிந்த பட்டுத் துணிபோல் சரம் சரமாகப் பிரிந்து மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். தண்டு ஜிமிக்கிபோல் கீழே ஆடும். இது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தொங்கு செம்பருத்தி. மெல்லியதாகத் தெரிந்தாலும் திடமான செடி.

இதய வடிவ இலையும் மஞ்சள் பூவும் உள்ள கடற்கரை மரத்தை மலாய்க்காரர் பாரு-பாரு என்பர். காலையில் மஞ்சளாக மலரும் பூ மாலையில் செம்மஞ்சளாகி உதிர்ந்துவிடும். பட்டையில் கயிறு திரிக்கலாம். பூவரசும் இதைப் போலவே இருக்கும். இரண்டுமே மரம், தொட்டிக்கு ஆகாது.

காலையில் வெள்ளை, நண்பகலில் இளஞ்சிவப்பு, மாலையில் அடர் சிவப்பு என்று ஒரே நாளில் நிறம் மாறும் ஒரு வகை உண்டு. இலை அகலமாக, பருத்தி இலையைப் போல் பிளவுபட்டிருக்கும். இது சீனத்திலிருந்து வந்தது.

மிளகாய்ப் பழம்போல் சிவந்து, எப்போதும் விரியாமல் மொட்டாகவே தொங்கும் பூவைப் பலர் செம்பருத்தி என்று நினைத்து வாங்கிவந்து, "எப்போது விரியும்?" என்று காத்திருப்பார்கள். அது விரியவே விரியாது. மால்வாவிஸ்கஸ் என்ற வேறு இனம் அது. மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். குறைந்த வெயிலிலும் தாக்குப்பிடிக்கும் என்பது அதன் நல்ல குணம்.

கடைசியாக நம் புளிச்சைக் கீரை வகை. சிவந்த தண்டும் புளிக்கும் இலையும் கொண்டது. பூ உதிர்ந்தபின் தடித்துச் சிவக்கும் புல்லி வட்டத்தில் பானமும் ஊறுகாயும் செய்யலாம். இது ஓராண்டுச் செடி. காய்த்து முடிந்ததும் பிடுங்கிவிட்டு மீண்டும் விதைக்க வேண்டியதுதான்.

"தாங்கும் செடி" என்ற மயக்கம்

விதைப் பொட்டலங்களிலும் வெளிநாட்டுப் பட்டியல்களிலும் "எதையும் தாங்கும் செம்பருத்தி" என்று போட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பூவின் படத்தையும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாறுவோர் பலர். அங்கே "தாங்கும்" என்றால் பனியைத் தாங்கும் என்று பொருள். நம் வெயிலையும் மழையையும் அல்ல.

குளிர் நாட்டாருக்கு அப்படிப்பட்ட இரண்டு வகைகள் முக்கியம். ஒன்று, கொரியாவின் தேசிய மலராகப் போற்றப்படும் முகுங்ஹ்வா. தாவரப் பெயரில் சிரியா நாடு இருந்தாலும் அது கீழை ஆசியச் செடி. குளிர்காலத்தில் இலையை உதிர்த்து ஓய்வெடுக்கும், கோடையில் பூக்கும். மற்றது, வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களுக்கு உரியது. குளிரில் தரைக்கு மேலிருப்பதெல்லாம் காய்ந்துபோய், வசந்தத்தில் வேரிலிருந்து மீண்டும் முளைத்து, 20 முதல் 30 செண்டிமீட்டர் அகலப் பூ பூக்கும்.

சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். பனியுமில்லை, குளிர்கால ஓய்வுமில்லை. இங்கே திடமான செடி என்றால் கனமழையில் வேர் அழுகாதது, மாவுப்பூச்சி வந்தாலும் மீண்டும் துளிர்ப்பது, அரை நாள் வெயிலிலும் பூப்பது என்று பொருள். அப்படிப்பட்டது எது தெரியுமா? நம் லயத்து வேலியில் நின்ற அதே பழைய ஒற்றைச் சிவப்புதான்.

புதிய கலப்பினங்கள் மஞ்சள், ஊதா, இரட்டை நிறம் என்று கண்ணைப் பறிக்கும். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு வேர் பலவீனம். அதனால்தான் வளர்ப்போர் பழைய திடமான சிவப்பு வகைகளின் வேர்ச்செடியில் அவற்றை ஒட்டுக் கட்டுகிறார்கள். ராஜகுமாரியைத் தோளில் சுமப்பது நம் ஏழைச் சிவப்புதான்! ஆகவே முதல் செடியாகச் சிவப்பையே வையுங்கள். கை பழகிய பிறகு மற்றதை வாங்கலாம்.

இன்னொன்று: நாட்டுச் சிவப்பு விதை கட்டுவது மிக அரிது. "செம்பருத்தி விதை" என்று யாராவது விற்றால், அது வேறு வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குச்சியை நம்புங்கள்.

குச்சி நடும் முறை

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தமிழகத்துக் கணக்கு. இங்கே எந்த மாதமும் நடலாம். ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் வாரங்களை மட்டும் தவிர்த்தால் நல்லது.

பென்சில் கனத்தில், நன்கு முற்றாமலும் இளசாகவும் இல்லாத கிளையில் 15 செண்டிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே, சாய்வாக, கூரிய கத்தியால் வெட்டவேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலைகளை மட்டும் பாதியாக நறுக்கி விடுங்கள். ஆற்று மணலும் தேங்காய் நார்த் துகளும் சம அளவு கலந்த சிறு தொட்டியில் இரண்டு கணு மறையும்படி நட்டு, நிழலில் வையுங்கள். ஈரம் காயக்கூடாது, நீர் தேங்கவும் கூடாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். நான்கு குச்சி நட்டால் இரண்டாவது தேறும் என்று கணக்கு வையுங்கள். வேர் பிடித்ததா என்று தினம் பிடுங்கிப் பார்க்கும் பிள்ளைகளை மட்டும் தள்ளிவையுங்கள்!

மலேசியாவிலிருந்து செடியோ குச்சியோ கடற்பாலம் தாண்டிக் கொண்டுபோக நினைப்பவர்கள், அதற்குள்ள விதிகளைச் சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணோடும் இலையோடும் பூச்சியும் நோயும் பயணம் செய்யும் என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு.

மாடியில் எங்கே வைப்பது?

பூப்பதற்கு நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த தாழ்வாரத்தில், எதிர்க் கட்டடம் மறைக்காவிட்டால், ஆண்டு முழுவதும் அரை நாள் வெயில் கிடைக்கும். வடக்குப் பார்த்த வீடானால் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலும், தெற்குப் பார்த்த வீடானால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலும் சூரியன் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்; அந்த மாதங்களில்தான் பூ நிறைய வரும். மற்ற மாதங்களில் பூக்கவில்லையே என்று செடியைத் திட்டாதீர்கள், உரத்தைக் கொட்டாதீர்கள்.

வாசல் நடைபாதை நமக்கு மட்டும் சொந்தமன்று. தீ விபத்து நேர்ந்தால் அண்டை வீட்டார் ஓடவும், தூக்குப் படுக்கை போகவும் வழி வேண்டும். 1.2 மீட்டர், அதாவது ஏறக்குறைய நான்கடி அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. தாழ்வாரச் சுவரின் மேல் தொட்டி வைப்பது கூடவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் ஒரு தொட்டி உயிரைக் குடித்துவிடும். தொட்டியைத் தரையில், சுவரோரம் வையுங்கள்.

வீட்டில் வெயிலே விழாதவர்களும் மனம் தளர வேண்டாம். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் குடியிருப்போர் கூடிப் பயிரிடலாம். பூங்காக்களில் தனிப் பாத்திகளும் வாடகைக்கு விடப்படுகின்றன, விண்ணப்பித்துப் பெறலாம். மண்ணில் கை வைத்துப் பழகிய வயதான பெற்றோரை மாடி வீட்டுக்குள் அடைத்துவைத்துவிட்டோமே என்று வருந்தும் பிள்ளைகள் இதைக் கேட்டறிவது நல்லது. மாமரத்தையும் முருங்கையையும் விட்டு வந்தவர்களுக்கு ஒரு பாத்தி மண், பேசிப் பழக நாலு பேர் என்பது மருந்தைவிடப் பெரிது.

மண், நீர், உரம்

அடியில் துளையுள்ள 30 செண்டிமீட்டர் தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணலும் நார்த் துகளும் சேர்ந்து ஒரு பங்கு. காலையில் மேல் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் நீர் கூடுதல் அல்லது துளை அடைப்பு. துளிர் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு.

செம்பனைக்கு உரம் போட்டுப் பழகியவர்களுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்றால் தெரியும். செம்பருத்திக்கு முதலாவதும் மூன்றாவதும் போதிய அளவு வேண்டும். மணிச்சத்து கொஞ்சம் போதும். மணிச்சத்து மிகுந்தால் இரும்பைச் செடி எடுக்க முடியாமல் போகும். எனவே எலும்புத் தூளையும் கோழி எருவையும் அள்ளிக் கொட்டாதீர்கள். மாதம் இரு முறை சிறிதளவு கொடுப்பதே மேல்.

பூ புதுத் துளிரில்தான் வரும். ஆகவே ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு கிளையை வெட்டிவிடுங்கள். வெட்ட மனம் வராதவர் வீட்டில் செடி உயரமாக வளரும். பூ மட்டும் எட்டாத உயரத்தில் ஒன்றிரண்டு பூக்கும்.

எறும்பைக் கண்டால் எச்சரிக்கை

தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் இலைக்கு அடியில் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக மாவுப்பூச்சி இருக்கும். அது சுரக்கும் தேனுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. இந்த இனத்தில் இளஞ்சிவப்பு நிற மாவுப்பூச்சி மிகப் பொல்லாதது. 1994-இல் கரீபியக் கடலின் கிரனடா தீவில் புகுந்து செம்பருத்தி வேலிகளையும் பல பயிர்களையும் பாழாக்கியது. மருந்தடித்து அடங்காத அதை, அதன் உடலில் முட்டையிடும் கடுகளவுக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள்.

வீட்டில் முதல் வேலை, பூச்சி பிடித்த நுனியை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுவது. பிறகு ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளித்து, மறுநாள் காலையில் நல்ல நீரால் கழுவுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். வேப்பெண்ணெயும் உதவும்.

ஒரு வேண்டுகோள்: தோட்டத்து மருந்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி எத்தனை குடும்பங்களை அழ வைத்தது என்பது நமக்குத் தெரியும். மலேசியா 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து அதைத் தடை செய்துவிட்டது. தலையில் சூடுவதும், இலையை அரைத்துக் கூந்தலுக்குத் தேய்ப்பதும், சாமிக்கு வைப்பதும் இந்தச் செடிதான். அதில் நஞ்சு ஏறலாமா?

தொட்டியில் கொசு பிறக்கக்கூடாது

2020-ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். ஒரே வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். தட்டை அன்றாடம் எடுத்துக் கவிழ்த்துத் துடையுங்கள். முடிந்தால் தட்டே வேண்டாம். இறுகிய மேல் மண்ணைக் கிளறிவிடுங்கள். அதன்மேல் நிற்கும் நீரிலும் கொசு முட்டையிடும். நம் வீட்டுப் பூவுக்காக அடுத்த வீட்டுக் குழந்தை காய்ச்சலில் படுக்கக்கூடாது.

பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

பள்ளியில் பூவின் பாகங்களைக் கற்பிக்க செம்பருத்தியைவிடச் சிறந்த பூ இல்லை. வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். ஐந்தாறு சிவப்பு இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஒரு குவளையில் எலுமிச்சைச் சாறு விட்டால் சாறு பளிச்சென்று சிவக்கும். இன்னொரு குவளையில் சமையல் சோடா நீரை விட்டால் பச்சையாக மாறும். காரம், அமிலம் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளை ஒரு முறை கண்ணால் கண்டால் மறக்காது.

சிங்கப்பூர் போகும்போது பிள்ளைகளைப் பூமலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். 1859-இல் உருவான அந்தத் தாவரத் தோட்டத்தை 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்ததும், பின்னர் ரிட்லி என்ற அதிகாரி மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைக் கண்டதும் அங்கேதான். நம் பாட்டன் பூட்டன்மார் கையில் உளி பிடித்த கதை தொடங்கிய இடம் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தோட்டம் நம் கையைவிட்டுப் போயிருக்கலாம். தோட்டக்காரனின் கைப்பழக்கம் போகவேண்டியதில்லை. பக்கத்து வீட்டிலோ, கோயில் நந்தவனத்திலோ பூத்திருக்கும் ஒற்றைச் சிவப்பைக் கண்டால், உரியவரிடம் கேட்டு நாலு குச்சி வாங்கி வாருங்கள். வேர் பிடித்ததும் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றதைப் புதிதாகக் குடிவந்த வீட்டுக்குக் கொடுங்கள். செம்பருத்தி இதுவரை கை மாறிக் கை மாறித்தான் நம்மிடம் வந்திருக்கிறது.